மருந்துதானே

மதுவிலக்குப் பிரசாரக் கூட்டங்களில் நான் பேசிய அத்தனை பேச்சையும், கடைவாயில் கடுகளவு அபினை ஒதுக்கிக்கொண்டுதான் பேசினேன். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை, அதுதான் இதில் பெரிய வெட்கம்.

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் வாத்தியார் வேலை, சாயங்காலமானால் மேடை. கள்ளால் கெட்டவர்களைப் பற்றியும் சாராயத்தால் அழிந்தவர்களைப் பற்றியும், நான் படித்த தடித்தடிப் புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டி ஒன்றரை மணி நேரம் விளாசுவேன். அபின் வந்த கதை சின்னது. தீராத வயிற்றுப்போக்குக்கு ஒரு வைத்தியர் குளிகை கொடுத்தார். வயிறு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. குளிகை நாலு வருஷம் நின்றது. கடுகளவு மிளகளவாகி, சுண்டைக்காயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 'கெட்ட பழக்கம்' என்ற சொல்லை மேடையில்தான் பயன்படுத்துவேன். வீட்டில் அதற்குப் பெயர் மருந்து.

ஒரு நாள் கரும்பலகையைப் பார்த்தபடி, கையில் சாக்கட்டியோடு, நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி டிரங்குப் பெட்டியை மூடி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பத்து நாள் அந்தச் சனியனைத் தொடாம இருங்க. பெறகு நீங்க பேசுத அதே மேடையில ஏறி, வாயில என்ன வச்சிருந்தியன்னு சொல்லணும். ரெண்டும் நடந்தா நானும் பிள்ளையும் வாரோம். இல்லன்னா எங்களுக்கு இலஞ்சியே போதும்."

இலஞ்சி அவள் பிறந்த ஊர். சொன்னால் செய்கிற குடும்பம்.

தென்காசி டாக்டர் ஒருவரிடம் போனேன். கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், கால் குடையும், வயிறு கழியும், மூன்றாம் நாள்தான் உச்சம் என்றார். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். "முக்கியமா, மது வாடையே ஆகாது."

"டாக்டர், நான் யாருன்னு தெரியுமா?" என்றேன், புண்பட்டு.

"தெரியும். உங்க பேச்சைக் கேட்டிருக்கேன். அதனாலதான் சொல்லுதேன்."

குற்றாலத்தில் மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் படுக்கை போட்டார்கள். மலையில் சாரல் தொடங்கிய அதே வாரம் என் மூக்கிலும் சீசன் தொடங்கியது. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓட, எனக்கு ஜன்னல் வழியாக வந்த தூறலே ஊசியாகக் குத்தியது. கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமல் சைக்கிள் ஓட்டின. தூக்கம் என்பது மற்றவர்கள் செய்கிற காரியமாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை மைத்துனர் வந்து பார்த்தார். தேங்காய் வியாபாரி, வாரம் இரண்டு தடவை மலையாளத்துப் பக்கம் போய் வருபவர்.

"என்ன மாப்ளே, இப்படிக் கெடந்து நடுங்குதிய? புளியறை தாண்டி ஒரு வைத்தியசாலை இருக்கு. அங்கன நல்ல அரிஷ்டம் கிடைக்கும். ஒரு மூடி குடிச்சா பச்சப்பிள்ள மாதிரி தூங்குவிய."

"அத்தான், அதுல கொஞ்சம் போதை..."

"மருந்துல்லா மாப்ளே!"

மத்தியானமே புட்டி வந்துவிட்டது. எல்லையில் புளியறைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு கணம் கண்ணை மூடி, "மருந்துதானே, கொண்டு போங்க" என்று மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தாராம். சர்க்காரே சொன்ன பிறகு நான் யார், மறுக்க?

சாப்பாட்டுக்குப் பின் ஒரு அவுன்ஸ் என்று புட்டியில் ஒட்டிய சீட்டில் இருந்தது. சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை. ஆகவே அந்த நிபந்தனையைத் தள்ளிவிட்டேன். அவுன்ஸ் கிளாஸ் இல்லை, டம்ளர் இருந்தது. அரைப் புட்டி காலி.

இரண்டு மணி நேரம் தூங்கினேன். சொர்க்கம். விழித்தபோது நெஞ்சுக்குள் யாரோ செண்டை கொட்டினார்கள். குடித்த அரிஷ்டமும், அதற்கு முன் குடித்த மோரும், அதற்கும் முன்னால் உடம்பில் இருந்த ஈரமும் வாந்தியாக வெளியே வந்தன. நடுக்கம் இரட்டிப்பாகிவிட்டது. இவையாவது பரவாயில்லை. மூன்று நாள் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய 'முடியாது' என்ற சொல் அரிஷ்டத்தில் கரைந்து போயிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு அபின் உருண்டையை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு, ஒளித்து வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று எடுத்தால் என்ன என்று எனக்கு நானே சொற்பொழிவாற்றி, நானே கைதட்டி, உருண்டையை விரலில் எடுத்த நேரத்தில், இலஞ்சியிலிருந்து கஞ்சித் தூக்குவாளியோடு மனைவி படியேறி வந்தாள்.

மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். "கள்ளுக்கடை இங்கன எப்ப தெறந்தாவ?"

"மருந்து" என்றேன்.

"கையில இருக்கது?"

"அதுவும் மருந்துதான்."

அவள் உருண்டையை வாங்கி ஜன்னலுக்கு வெளியே ஓடும் வாய்க்காலில் எறிந்தாள். அண்ணனைத் தென்காசிக்கு விரட்டினாள்.

டாக்டர் வந்து நாடி பிடித்தார், புட்டியை மோந்தார்.

"ஒரு அவுன்ஸ்னா மருந்து, வாத்தியாரே. அரைப் புட்டின்னா சாராயம். உடம்பு ஏற்கெனவே தண்ணியில்லாமக் காயுது. இது இன்னும் காயப்போடும். முதல்ல தூங்க வைக்கும், பிறகு வர்ற தூக்கத்தையும் கெடுக்கும். இதுக்கு மேல அந்த உருண்டையையும் முழுங்கியிருந்தா, நல்லாத் தூங்கியிருப்பீங்க. மூச்சும் சேர்ந்து தூங்கியிருக்கும்."

மைத்துனர் புட்டியைத் துண்டால் மூடினார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக மேற்கோள் எதுவும் நினைவுக்கு வராமல் படுத்திருந்தேன்.

டாக்டர் போனதும் மெதுவாகக் கேட்டேன்: "அப்போ மூணு நாள் கணக்கில சேருமா?"

"இன்னைக்குத்தான் ஒண்ணாம் நாளு" என்றாள். தூக்குவாளியைத் திறந்து, கஞ்சியும் நார்த்தங்காயும் வைத்தாள். ஆனால் இலஞ்சிக்குத் திரும்பவில்லை. பத்து நாளும் வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தினம் ஒரு தடவை கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்தபடி. ஏழாம் நாள் அருவியில் நின்றேன். தண்ணீர் ஊசியாகக் குத்தாமல் தண்ணீராக இருந்தது. பத்தாம் நாளும் போயிற்று.

பாதி நிபந்தனை மிச்சம். பாவூர்சத்திரத்தில் சந்தை கலைகிற சாயங்காலம் மேடை ஏறினேன். கடைசி வரிசையில் மனைவி, மடியில் மகள். அபினைச் சொன்னேன். அரிஷ்டத்தைச் சொன்னேன். புளியறைப் போலீஸ்காரர் கண்ணை மூடியதையும், டம்ளரையும், செண்டையையும், மூச்சு தூங்கியிருக்கும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் பேச்சை ஒரு கூட்டம் கொட்டாவி விடாமல் கேட்டது அன்றுதான். தூரத்தில் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். தென்காசி வீட்டுக்குத்தான், இலஞ்சிக்கு அல்ல என்று தெரிந்தது.

இறங்கியதும் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதரையாவது திருத்திவிட்டோம் என்று நானும் அவர் கைகளை இறுகப் பற்றிக்கொண்டேன்.

"எல்லாம் வெவரமாச் சொன்னிய அண்ணாச்சி" என்றார். "புளியறை தாண்டி எத்தனாவது கடைன்னு மட்டும் சொல்லாம எறங்கிட்டியளே!"