ஓரமாக நடந்தவர்

ரப்பர் விலை ஏறிய வருஷம், ஈப்போவில் எனக்குப் பலகை வீட்டை விற்றவர் அவர். ஒல்லியான உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய சிரிப்பு. கூடத்தில் சுவருக்குச் சுவர் நானே கம்பளம் விரிக்க முனைந்தபோது, கூப்பிடாமலே சுத்தியலோடு வந்தார். வாயில் ஆணிகளைக் கவ்வியபடி முழங்காலிட்டு ஓரமெல்லாம் அடித்தார். எழுந்து நடந்தால் மட்டும் சுவரை ஒட்டியே நடப்பார்.

"ஏன் இப்படிச் சுத்திப் போறீங்க?" என்று கேட்டேன்.

"புதுக் கம்பளம்லா அண்ணே, நடுவுல மிதிக்க மனசு வரல."

எவ்வளவு நல்ல மனிதர் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். நானும் ஓரமாகவே நடந்தேன்.

மறுவாரம் அரிசி மூட்டையோடு அவசரமாக நடுவில் கால் வைத்தேன். கம்பளத்துக்கு அடியில் கரையான் தின்ற தரைப்பலகை படீரென்று முறிந்தது. நான் கீழே விழாமல் கம்பளம்தான் தாங்கியது. ஒரு ஆணிகூட அசையவில்லை.

பாவி, அதை மட்டும் எவ்வளவு நேர்மையாக அடித்திருந்தார்!