ஃபிர்தௌஸ் வாசித்த எஸ்டிமேட்

கட்டடம் கட்டிக் கொடுக்கிற எங்களுக்கு எஸ்டிமேட் என்றால் கடைசிப் பக்கத்துக் கடைசி வரிதான். வீட்டுக்காரர்களும் அதைத்தான் பார்ப்பார்கள், பார்த்ததும் பேரம் பேசுவார்கள். எனக்கு எஸ்டிமேட் போடும் ஃபிர்தௌஸிடம் அது நடக்காது. வீட்டில் உள்ள எல்லாரும் வந்து உட்கார்ந்தால்தான் பையிலிருந்து காகிதத்தையே எடுப்பாள். முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பாள். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இப்படி வாசித்தே என் பொறுமையைச் சோதித்திருக்கிறாள். ஆனால் அவள் கணக்கை நம்பி நான் ஒருமுறைகூடக் கையைச் சுட்டுக்கொண்டதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு கூடவே போவேன்.

போன மாதம் காலடிப்பேட்டையில் ஒரு வேலை. அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்த இடம், மேலே இரண்டு மாடிகளில் நான்கு வீடுகள், ஒரு லிஃப்ட். மளிகை மொத்த வியாபாரி சாலமோனுக்கும் தம்பி ஜெபசிங்குக்கும் ஆளுக்கு இரண்டு வீடு. மனையை அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றவள் அவர்களுடைய தங்கை ஷெர்லின். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தவள். உங்களுக்கு எந்த வீடு என்று ஃபிர்தௌஸ் கேட்டாள். பணம் மிஞ்சினால் மொட்டைமாடியில் ஒரு ரூம் போட்டுத் தருவதாக அண்ணன்கள் சொல்லியிருக்கிறார்களாம். என் இருபது வருடத் தொழிலில் பணம் மிஞ்சிய கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஃபிர்தௌஸ் அஸ்திவாரத்தில் ஆரம்பித்தாள். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர் என்று அவள் வாசித்தபோது சாலமோன் கொட்டாவி விட்டார். லிஃப்ட், அதன் குழி, சுவர் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று லட்சம் என்றவள், நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனாள்.

"கீழே பின்பக்கம் ஷெர்லினுக்குச் சின்னதா ஒரு வூடு. ரூம், ஹால், கிச்சன், பாத்ரூம். அதுவும் பதிமூணு லட்சம்."

யாரும் கேட்காத வரி அது. வேலை போச்சு என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன். பிளானில் இல்லாததை யார் போடச் சொன்னது என்று ஜெபசிங் எகிறினான். ஷெர்லின் தலை குனிந்தபடி டீ டம்ளர்களை எடுக்க எழுந்தாள்.

ஃபிர்தௌஸ் சாலமோனிடம் பேனாவை நீட்டினாள். "ரெண்டுல ஒண்ணுதான் உங்க துட்டுக்குள்ள வரும்ணே. எதை அடிக்கிறீங்க?"

லிஃப்ட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரே சாலமோன்தான். பேனாவை வாங்கி இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு லிஃப்ட் வரியை அடித்தார்.

"ஷெர்லினு, டம்ளர வச்சுட்டு வந்து குந்து" என்றார். "மேல் மாடிய நான் எடுத்துக்கிறேன். டாக்டரு தெனம் நடக்கச் சொல்லிகினுதான் கீறாரு."

ஜெபசிங் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். ஷெர்லின் உட்கார்ந்ததும், ஜன்னல் எங்கே வேண்டும் என்று ஃபிர்தௌஸ் அவளைக் கேட்டாள்.

"கிச்சன்ல" என்றாள் ஷெர்லின். கொஞ்சம் யோசித்து, "பெருசா வையுங்க" என்றாள்.

ஃபிர்தௌஸ் எட்டாயிரம் கூட்டி எழுதினாள். அதற்கு யாரும் பேரம் பேசவில்லை.