சவுக்குத் தோப்பில் கிடந்த சிவப்புக் கார்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். விடுமுறை நாட்களில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஓடிய பந்தயக் கார்களைப் பற்றியது. சைக்கிளைத் தவிர வேறு வண்டி நான் வாங்கியதில்லை. ஆனால் பள்ளிக்கூட வயதில் அப்பாவோடு போய்க் கேட்ட அந்த எஞ்சின்களின் சத்தம் என்னை விடவில்லை. ஒவ்வொரு காரும் யாரிடம் இருந்தது, எப்படி ஓடியது, கடைசியில் என்ன ஆனது என்று தேடிப்போய் விசாரித்து எழுதினேன். பல கார்கள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

ஒரே ஒரு கார் மட்டும் எங்கேயோ இருக்கிறது என்றார்கள். இரண்டு பேர் உட்காரும் சிவப்புக் கார். கம்பிச் சக்கரம், நீண்ட மூக்கு. பல வருஷங்களுக்கு முன்பு கோவளத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் பனைமரத்தில் மோதி நொறுங்கியது. ஓட்டிப்போன மெக்கானிக் அங்கேயே இறந்துபோனான். முதலாளிக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு ஊர்சுற்றப் போனான் என்பதுதான் நான் விசாரித்த எல்லோரும் சொன்னது.

காரின் சொந்தக்காரர் பந்தயங்களை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே தன் சவுக்குத் தோப்பில் தனியாக இருந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். அறுபதை நெருங்கிய மனிதர். முன்பின் தெரியாத என்னை அன்பாகவே வரவேற்றார். ஓலைக் கொட்டகைக்குள் கார் இருந்தது. முன்பக்கம் உள்வாங்கிப் போயிருந்தது. உப்புக் காற்றில் கம்பிச் சக்கரங்கள் துரு ஏறி, தொட்டால் உதிர்ந்தன.

வளைவுகளில் அது எப்படித் திரும்பும், மழையில் எப்படி வழுக்கும் என்று மதியம் வரை பேசினார். அவர் கைகள் காற்றில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பின. விபத்தைப் பற்றிக் கேட்டதும் கைகள் மடிக்கு இறங்கிவிட்டன.

“அதான் எல்லாருக்கும் தெரியுமே” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இறந்த மெக்கானிக்கின் அக்கா செங்கல்பட்டிலேயே இருப்பது பிறகு தெரியவந்தது. ஒரு விடுதியில் சமையல் வேலை செய்தார். காலனியில் வீடு, பக்கத்திலேயே அவர்கள் போகும் தேவாலயம். புத்தகத்தில் போட அவர் தம்பியின் போட்டோ கிடைக்குமா என்று கேட்கப் போனேன்.

“இன்னா எழுதப் போறீங்க அவனப் பத்தி?”

கையிலிருந்த நோட்டை மூடினேன்.

“திருடன்னுதானே? அதுக்கு எதுக்கு சார் போட்டோ?”

திரும்பி நடந்தவனை அவரே கூப்பிட்டார். வாசலில் நின்றபடியே சொன்னார்: “மொத நாளு வூட்டுக்கு வந்து சொன்னான் சார். பிரேக்கு ஒரு பக்கமா இஸ்துகினு போவுது, நாளிக்கு ஓட்டிப் பாக்கச் சொல்லிகீறாரு மொதலாளின்னு. எங்கம்மா கேட்டுகினு இருந்தாங்க, நானும் கேட்டேன். யாராண்ட சொல்றது? பொணம் வர்றதுக்கு முன்னாடி போலீசு வந்துச்சு, வேற இன்னாத்த எடுத்தான்னு வூட்டக் கொடஞ்சாங்க. எங்கம்மா அதுக்கப்பறம் கோயிலுக்குக்கூடப் போவல. சாவுற வரிக்கும் போவல.”

அதற்குப் பிறகு என்னால் சிவப்புக் காரின் அத்தியாயத்தைத் தொட முடியவில்லை. கார்களைப் பற்றித்தானே எழுத வந்தோம், இது நமக்கு எதற்கு என்று சில வாரங்கள் என்னையே சமாதானம் செய்து பார்த்தேன். முடியவில்லை. மறுபடியும் தோப்புக்குப் போனேன். காரின் சொந்தக்காரரிடம், மெக்கானிக்கின் அக்கா சொன்னதை அப்படியே சொல்லி, “உண்மையா சார்?” என்று கேட்டேன்.

அவர் கொட்டகையிலிருந்து வெளியே போய் வெயிலில் நின்றார். திரும்பி வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார்.

“நான்தான் அனுப்பினேன். பிரேக் இழுக்குது, இன்னொரு தடவ கழட்டிப் பாத்துடலாம்னு அவன் சொன்னான். பந்தயம் வருது, நேரமில்ல, ஓட்டிப் பாத்துட்டு வான்னு நான் சொன்னேன். அவன் செத்த சேதி வந்தப்போ போலீஸ்கிட்ட பேசினது எங்கப்பா. கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் திறக்கல.”

“அப்பா போனப்புறமாவது…”

“சொல்லணும்னு நெனைக்கறப்பல்லாம் இன்னொரு வருஷம் கூடியிருக்கும். கூடக் கூடச் சொல்றது கஷ்டமாயிடுச்சு.” காரின் நொறுங்கிய மூக்கைப் பார்த்துக்கொண்டே, “எழுதிக்கங்க. ஆனா நான் போனப்புறம் போடுங்க” என்றார்.

“அந்தம்மா இப்ப உயிரோட இருக்காங்க சார்” என்றேன்.

இரண்டு ஞாயிறு கழித்து அவரே செங்கல்பட்டுக்கு வந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு காலனிக்குப் போனார். ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரம். அந்த அம்மாளைப் பார்த்ததும் கைகூப்பி, “உள்ள போய்ப் பேசலாமா?” என்று கேட்டார்.

“உள்ள இன்னா பேச்சு? என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. இங்கியே சொல்லுங்க.”

தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“கேக்கல. சத்தமா சொல்லு” என்றார் அந்த அம்மாள்.

அவர் நிமிர்ந்தார். “உங்க தம்பி திருடல. நான் அனுப்பித்தான் போனான். பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சும் அனுப்பினேன்” என்று உரக்கச் சொன்னார். கூட்டத்தில் வயதான ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அழவில்லை. அவரை உட்காரச் சொல்லவும் இல்லை. உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, சிரிக்காமல் நின்றிருந்த ஓர் இளைஞன்.

“இத்தப் போடுங்க சார். பேரும் போடுங்க.”

பஸ் ஸ்டாண்டு வரை காரின் சொந்தக்காரரோடு நடந்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வீசியது. அந்த அம்மாள் மன்னித்துவிட்டாரா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அச்சகத்துக்காரர், கார்களுக்கு நடுவில் இந்த அத்தியாயம் ஒட்டவில்லை, எடுத்துவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. பந்தய வட்டாரத்தில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். புத்தகம் அதிகம் விற்கவில்லை. காலனியில் மட்டும் ஒரு பிரதி கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, பிறகு காணாமலே போனது என்று கேள்விப்பட்டேன்.

எழுபதுகள் முடியும் முன்பே காரின் சொந்தக்காரர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து அந்த அம்மாளிடம் சொன்னேன். விடுதிச் சமையற்கட்டில் பெரிய அண்டாவில் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை சற்று நின்றது.

“கூட யாரு இருந்தாங்க?”

“யாருமில்ல. தோப்பு வேலைக்காரங்க மட்டும்தான்.”

“சரி சார்” என்றார். கழுநீரை வடித்துவிட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.