வளவனூருக்கு அப்பால் வாசித்த கடைசிப் பாட்டு

காலை பத்தே முக்கால் மணிக்கு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துக் கல்யாண வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம் கோணலாகப் போனது.

"டீச்சரம்மா, ஒங்க பையன் பேண்டு செட்டு எங்க கல்யாணத்துக்கு வேணாங்க."

"ஏன்? வாசிப்பு சரியில்லையா?"

"வாசிப்புக்கு இன்னா கொறச்சல்? பாண்டிச்சேரில பிரெஞ்சு தொரை வூட்டு விருந்துக்கு வாசிக்கப் போறாங்களாமே. அங்க நம்ம ஜனத்தப் போட்டு அடிச்சிக்கினு இருக்கான். அவனுக்கு ஊதுன வாயால எம் மவன் தாலி கட்டும்போதும் ஊதுறதா? பொண்ணு வூட்டுக்காரங்க கண்டிசனா சொல்லிட்டாங்க."

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாண்டிச்சேரி மட்டும் இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே போனால் வளவனூர் வரைக்கும் நம் நாடு. அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் அடுத்தவன் நாடு. எல்லைச் சுங்கக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தியாவோடு சேர வேண்டும் என்று அங்கே ஊர்வலம் போனவர்கள் மண்டை உடைந்து திரும்பினார்கள். விழுப்புரம் கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை.

என் மகனுக்கு அப்போது இருபது வயது. மாதா கோயில் பாடகர் குழுவில் இசை படித்து, கிளாரினெட் கற்றுக்கொண்டு, இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து பேண்டு செட் வைத்திருந்தான். சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகைப் பட்டை.

அன்று சாயங்காலம் அவனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"போகாதேடா. ஊர் பூரா பேசுது."

"வெத்தல பாக்கோட அட்வான்சும் வாங்கியாச்சும்மா. வாங்குனா வாசிக்கணும். இல்லன்னா அப்புறம் எவன் கூப்புடுவான்?"

"அடிபட்டவங்கள நெனச்சிப் பாத்தியா?"

"அவங்க வூட்டுக் கல்யாணத்துக்கும் போய் வாசிச்சிருக்கோம். வாசிக்கிறது வேற, கட்சி கட்றது வேற."

ரயில்வே கூட்ஸ் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் அப்பா, "காய்ச்சல்னு சொல்லிடேன்" என்றார்.

"ஆறு பேருக்கும் ஒரே காய்ச்சலாப்பா?"

வாசிப்பது ஒப்புதல் ஆகாது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் விருந்து கொடுப்பவன் அதை ஒப்புதலாகத்தானே எடுத்துக்கொள்வான்? இப்போது பையன்கள் கிட்டார் மாட்டிக்கொண்டு, எந்த மேடையில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று சண்டை போடுவதைக் கேட்கிறேன். அன்று போலவே இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அவர்கள் ரயில் ஏறியபோது நாலைந்து இளைஞர்கள் பிளாட்பாரத்தில் நின்று கத்தினார்கள். "திரும்பி வாங்கடா! ஒங்க பீப்பிய முறிச்சி அடுப்புல வெக்கிறோம்!"

மறுநாள் காலை வண்டியில் வர வேண்டியவன் வரவில்லை. மத்தியான வண்டியிலும் இல்லை. அதன் பிறகு என் கணவர் ஆபீசிலிருந்து ஓட்டமாக வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ரயில் கார்டு ஒருவர் சேதி கொண்டுவந்திருந்தார். விருந்து முடியும்போது துரைமார் எதிரில் நம் பையன்கள் இந்திய தேசிய கீதத்தை வாசித்துவிட்டார்கள். பந்தி பரிமாறிய தமிழ் ஆட்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்களாம். போலீஸ் ஆறு பேரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுதந்திரம் வந்ததிலிருந்து எங்கே வாசித்தாலும் அவர்கள் அதை வாசித்துத்தான் முடிப்பார்கள். அது முடிந்தால்தான் கோட்டைக் கழற்றலாம் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். கண்டாச்சிபுரத்தில் ஒரு சாவு ஊர்வலத்தையும் அப்படியே முடித்துவைத்து, பங்காளிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"அது பழக்கங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்" என்றேன்.

"வெளியில சொல்லிக்கினு இருக்காத" என்றார் அவர்.

சொல்லத்தான் முடியுமா? அதற்குள் அதே இளைஞர்கள் ரோஜா மாலையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். என்னை வீரத்தாய் என்றார்கள். வெறும் பழக்கம் என்று சொன்னால் ஒருவேளை அங்கே விட்டுவிடுவார்கள். அதே வார்த்தையை இங்கே சொன்னால் இவர்கள் விடமாட்டார்கள். வேண்டுமென்றே வாசித்தேன் என்றால் இங்கே மாலை, அங்கே உதை. அவன் எதைச் சொன்னால் முழுசாக வீடு வந்து சேருவான் என்று நினைத்து நினைத்து, அவர்கள் நீட்டிய மாலையைக்கூட வாங்காமல் நின்றேன்.

போலீஸ் ஆறு பேரையும் விட்டுவிட, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வந்தான். கோட்டு இல்லை. கிளாரினெட்டும் இல்லை. கீழுதடு வீங்கித் தொங்கியது. தெருவே திரண்டு, "பேசுப்பா, பேசு!" என்றது.

மாலையோடு முன்னால் நின்ற இளைஞனைப் பார்த்து அவன் சொன்னான்: "அண்ணே, வேணும்னு வாசிக்கலண்ணே. எங்க போனாலும் கடைசில அதான் வாசிப்போம். பழக்கத்துல வந்துட்டுது."

மாலையை நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு அந்த ஆள் சிரித்தான். "பாருங்கடா, பையனுக்கு எவ்ளோ அடக்கம்!" கைத்தட்டல் எழுந்தது. மாலை என் மகன் கழுத்தில் விழுந்தது.

எல்லோரும் போன பிறகு, வெந்நீரில் உப்புப் போட்டு அவன் உதட்டைத் துடைத்தேன்.

"அங்கயும் இதத்தான் சொன்னியா?"

"அதான் சொன்னேன். அவனுங்களும் நம்பல."

"நெசம் அதுதானேடா?"

துணியை என் கையிலிருந்து வாங்கி அவனே உதட்டில் வைத்துக்கொண்டான். "ஆரம்பிச்சது பழக்கந்தாம்மா. ரெண்டாவது வரி வாசிக்கும்போது எங்க நிக்கிறோம்னு நெனப்பு வந்துட்டுது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."