கயலுக்கு ஒரு வக்கீல்

முத்துமாரியை நம்புகிற சொந்தங்களே, கோட்டையூரில் டீக்கடை வைத்திருப்பவன் நான். தாய் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள மனம் கேட்கவில்லை.

போன ஆடியில் என் தங்கையும் அவள் கணவரும் சாலை விபத்தில் ஒன்றாகப் போய்விட்டார்கள். மிஞ்சியது பத்து வயது மகள் கயல். காரியம் முடிந்த கையோடு, பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். "எங்க அண்ணன் மக எங்க வீட்லதான் வளருவா" என்றார் அவள் சித்தப்பா முருகேசன். திருப்பத்தூரில் விவசாயம் பார்ப்பவர். எங்களுக்குள் ஏற்கெனவே ஆகாது. கயலின் காதுகுத்து விருந்தில் தாய்மாமனான என்னை முதல் பந்தியில் உட்காரச் சொல்லி அவர் கூப்பிடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நானும் லேசுப்பட்டவன் இல்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு கத்தினோம். முடிவில் அவளை அரசுக் காப்பகத்தில் சேர்த்தார்கள். யார் பாதுகாவலர் என்ற வழக்கு சிவகங்கை கோர்ட்டுக்குப் போனது. தங்கையும் இல்லை, அவள் பிள்ளையும் இல்லை. கடை அடுப்பு முன்னால் நின்று அழுதேன். "கயலை எனக்கே கொடுத்துவிடு தாயே, பால்குடம் எடுக்கிறேன், பூக்குழி இறங்குகிறேன்" என்று வேண்டினேன்.

எனக்கு ஒரு வக்கீல், முருகேசனுக்கு ஒரு வக்கீல். போதாததற்கு நீதிபதி கயலுக்கும் இலவசமாக ஒரு வக்கீலை நியமித்தார். சின்ன வயதுப் பெண். "பத்து வயசுப் பிள்ளைக்கு எதுக்குடி வக்கீல்?" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு பை நிறையச் சீப்புச் சீடை கொண்டுபோய், பார்த்துப் பேசுங்கள் என்று அந்த வக்கீலம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அண்ணே, நான் உங்க பக்கமும் இல்ல, அவுக பக்கமும் இல்ல. பாப்பாவுக்கு என்ன வேணும்னு கோர்ட்ல சொல்றதுதான் என் வேலை. நீங்க அவகிட்ட அதைக் கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. முருகேசனும் கேட்கவில்லை.

கோபமாகத்தான் திரும்பினேன். ஆனால் அன்று கோயிலில் நின்றபோது, எனக்குக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. "அந்தப் பிள்ளை மனசில் இருப்பதை நடத்திக் கொடு தாயே" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சரியான தூக்கம் வந்தது.

தை மாத வாய்தாவில் நீதிபதி கயலைத் தனியறையில் வைத்துப் பேசினார். வக்கீலம்மா கூட இருந்தார். வெளியே வந்தவர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"பாப்பா உங்ககிட்டயும் சொல்லச் சொன்னா. மாமா வீட்ல இருக்கேங்குறா. ஆனா சித்தப்பா அங்க வந்து போகணுமாம். அவுக சிரிச்சா அப்பா மாதிரியே இருக்காகளாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலேன்னா காப்பகத்துலயே இருந்துக்கிறேங்குறா."

பூக்குழி என்றால் ஓடிப்போய் இறங்கியிருப்பேன். இது அதைவிடச் சூடு. முருகேசன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அவரும் அண்ணனைப் பறிகொடுத்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வாங்க மாப்ள, ஒரு டீ குடிப்போம்" என்றேன்.

"உங்க கடை டீயைவிட மோசமாவா இருந்துரப் போகுது மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். ஆமாம், அச்சு அசல் என் தங்கை புருஷன் சிரிப்புதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீதிபதி என்னைப் பாதுகாவலராக நியமித்தார். சித்தப்பா வந்து பார்க்கலாம், லீவுக்குக் கூட்டிப் போகலாம் என்றும் உத்தரவிட்டார். கயல் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். இரவில் திடுக்கிட்டு எழுவது குறைந்திருக்கிறது. என் கோபமும் கொஞ்சம் குறைந்திருப்பதாக மனைவி சொல்கிறாள்.

பிள்ளைக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தாயை நம்புங்கள். எனக்குக் கொடு என்பதை விட்டு, பிள்ளைக்கு நல்லதைக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். அவள் கைவிடமாட்டாள்.

பங்குனியில் பால்குடம் எடுத்து, பூக்குழியும் இறங்கிவிட்டு வீட்டில் விருந்து வைத்தேன். முதல் பந்தியில், முதல் இலையில், முருகேசனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பேச்சுக்காவது "நீங்க உக்காருங்க மச்சான்" என்பார் என்று பார்த்தேன். மனுஷன் சொல்லவே இல்லை. கயல்தான் அவர் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, என்னையும் இழுத்து உட்கார வைத்தாள்.