தொப்பி அக்காவின் கருப்புத் திரை

கூரைக்குக் கீழேயே தொப்பி போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவள் அந்தச் சலவைக்கூடத்தில் ஒருத்திதான். அதனால் தொப்பி அக்கா என்ற பேர் தானாக ஒட்டிக்கொண்டது. அழகுக்காகப் போட்ட தொப்பி இல்லை. முன்பு கருவிழியில் ஒரு புண் வந்தது. புண் ஆறிவிட்டது, ஆனால் வெளிச்சத்தோடு வந்த பகை மட்டும் ஆறவில்லை. வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி, தண்ணீராய்க் கொட்டும்.

அப்படிப்பட்டவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விருந்து மண்டபங்களுக்கும் துணி வெளுக்கும் பெரிய கூடம் அது. முதலில் அவளுக்கு மடிப்பு மேசை கிடைத்தது. குழல் விளக்குகளுக்கு அடியில் நாளெல்லாம் வெள்ளை விரிப்புகளை மடிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். அனுப்பும் பகுதியில் கம்ப்யூட்டர் நாற்காலி காலியானபோது, வாய் திறந்து எதையும் கேட்டுப் பழகாதவள், முதல் ஆளாகப் போய்க் கேட்டு வாங்கினாள்.

அங்கேயும் திரை வெள்ளைதான். ஒருநாள் எதையோ தேடப்போய் எதையோ அழுத்த, திரை முழுக்கக் கருத்துப்போய் எழுத்துகள் மட்டும் வெளிறி நின்றன. மெஷினைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோனாள். அடுத்த நொடியே கண் இளகியது. வெயிலில் நடந்து வந்து ஒரு மரத்தடியில் நின்றதுபோல் இருந்தது. எந்த இடத்தில் அழுத்தினோம் என்று தேடிப் பிடித்து மனதில் வைத்துக்கொண்டாள்.

பிற்பகல் ஷிப்டில் அந்த நாற்காலிக்கு வருகிறவரை எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கண்ணுக்கு நேர்மாறான வியாதி. கருப்பில் வெள்ளை எழுத்தைப் பார்த்தால் அவருக்கு ஒவ்வொன்றும் இரண்டாகக் கலங்கித் தெரியும்.

"அக்கா, இது என்ன கூத்து? எழுத்துக்கெல்லாம் மீசை முளைச்ச மாதிரி இருக்கு!"

"உங்க மீசைதான் போய்த் திரையில உக்காந்திருச்சோ என்னவோ."

"சிரிக்காதீங்க. எட்டு எது, மூணு எதுன்னே தெரியல எனக்கு."

ஆளுக்கு ஒரு நிறம் வைத்துக்கொள்ள வழியில்லையா என்று இருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கூடத்தின் வழக்கம் அப்படி. காலையில் சூப்பர்வைசர் வந்து தன் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டுத் திறந்துவிடுவார். மூடும்வரை அது அப்படியே திறந்து கிடக்கும். யார் உட்கார்ந்தாலும் அவர் பேரில்தான் வேலை. மூட்டையோடு போகும் எல்லாச் சீட்டிலும் அவர் பேர் அச்சாவது அவருக்கு ஒரு பெருமை. தப்பு நடந்தால் யார் செய்தது என்று தெரியாமல் போவது மற்றவர்களுக்கு ஒரு நிம்மதி. அதனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அக்கா காலையில் வந்து கருப்பாக்குவாள், கிளம்பும்போது வெள்ளையாக்கிவிட்டுப் போவாள்.

மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த அன்றுதான் வம்பு. பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் திரையை மறந்துவிட்டாள். மீசை வந்து உட்கார்ந்தபோது பாதி ஏற்றிய மூட்டைகளின் விவரம் திறந்து கிடந்தது. நிறத்தை மாற்றினால் எல்லாம் மூடி மறுபடி திறக்கும், பாதி போட்டது அழிந்துபோகும். வெளியே டிரைவர் ஹாரனில் கையை வைத்தபடி நின்றான். மீசை கண்ணை இடுக்கிப் பார்த்து, மூட்டை எண்களில் எட்டை மூன்றாக்கி, மூன்றை எட்டாக்கி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசரின் குரல் கொதிகலன் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"விருந்து மண்டபத்து மேசையில எல்லாம் ஆப்பரேஷன் தியேட்டர் பச்சைத் துணி! அங்க ஆஸ்பத்திரியில பூ வேலை செஞ்ச மேசைவிரிப்பு! டாக்டர் என்ன, நோயாளிய விருந்துக்கா படுக்க வெச்சிருக்காரு?"

மடிப்பு மேசைப் பெண்கள் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கு இன்னும் எரிந்தது. சீட்டில் இருந்தது அவர் பேர். முதலாளி கிழித்தது அவரைத்தான்.

"திரையக் கருப்பாக்கி வெச்சது யாரு?"

காலையிலேயே வரவழைக்கப்பட்டிருந்த மீசை தரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அக்கா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். எனக்கு வெள்ளை ஆகாது. மாத்தி வெச்சிட்டுப் போக மறந்துட்டேன்."

"அப்போ கேட்டுக்கங்க. திங்கக்கிழமை கம்ப்யூட்டர் கம்பெனியிலேர்ந்து ஆள் வருது. எல்லாருக்கும் வெள்ளைன்னு பூட்டிடப்போறேன். முடியாதவங்க பழையபடி மடிப்பு மேசைக்குப் போகலாம்."

மடிப்பு மேசை என்ற சொல்லைக் கேட்டதுமே கண் கரித்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, உடன் இருக்கும் நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவே கண்ணை மூடிக்கிற ஆளு நீங்க அண்ணி. வெள்ளை விரிப்போட என்ன பண்ணுவீங்க, தடவித் தடவி மடிப்பீங்களா?"

குழாய் வேலை செய்யும் கணவன் மகளின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான். "விட்டுத்தொலை. வேற எடம் பாக்கலாம்."

"எந்த எடத்துல திரை கருப்பா வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்காங்க? எனக்கு அந்த நாற்காலிதான் வேணும். நான் விடமாட்டேன்."

இவ்வளவு அழுத்தமாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

திங்கள்வரை அவள் சும்மா இருக்கவில்லை. கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெள்ளைத் திரையில் உட்கார்ந்து பார்த்தாள். வெள்ளை மங்கியது, அதோடு சேர்ந்து எழுத்தும் மங்கியது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள், நிறங்கள் எல்லாம் சேறாய்க் குழம்பின. எது ஆகாது என்றாவது தெரிந்துகொண்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

திங்களன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் வந்து உட்கார்ந்ததும், சூப்பர்வைசர் பேசுவதற்கு முன்னால் அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. எனக்குக் கருப்பு வேணும், இவருக்கு வெள்ளை வேணும். பூட்டாம வழி இருக்கா?"

"இதுல என்னக்கா இருக்கு? ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒவ்வொரு நிறம் வெச்சுக்கலாம். நீங்க உங்க பேர்ல உள்ள வந்தா கருப்பு, அவர் அவர் பேர்ல வந்தா வெள்ளை. எழுத்தைக்கூடப் பெருசு பண்ணிக்கலாம். நீங்க எல்லாரும் சார் பேர்லயே வர்றீங்க, அதான் சண்டை."

"அதெல்லாம் வேணாம்," என்றார் சூப்பர்வைசர். "இங்க ஒரு பேர்தான். என் பேர்."

மீசை அக்காவை ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "அக்கா, யோசிச்சுப் பேசுங்க. நம்ம பேர்ல உள்ள போனா, தப்பு வந்தா அதுவும் நம்ம பேர்லதான் நிக்கும். இத்தனை நாள் அவர் முதுகுக்குப் பின்னால நின்னோம். வேணுமா நமக்கு?"

அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அந்தப் பெண் சொன்னதுமே அதுதான் மனதில் ஓடியது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவள் அவள். ஒவ்வொரு சீட்டிலும் தன் பேர் அச்சாகி, டிரைவர் கையிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் திரியப்போவதை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"கண்ணு நல்லாத் தெரிஞ்சும் தப்பு பண்ணினா அது என் பேர்லயே இருக்கட்டும்," என்றாள். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "சார், போன வாரம் நடந்ததுக்கு முதலாளிகிட்ட நீங்க திட்டு வாங்கினீங்க. ஒரு மூட்டையக்கூட நீங்க தொடல. எங்க தப்ப எங்களுக்கே குடுத்துடுங்க."

சூப்பர்வைசருக்குத் திட்டு வாங்கிய காது இன்னும் ஆறவில்லை போலும்.

"சரி. போட்டுப் பாருங்க. அடுத்த தப்பு வரட்டும், அப்போ பேசிக்கிறேன்."

அக்காவுக்குக் கருப்பு வந்தது. மீசை வெள்ளைகூட வேண்டாம் என்று சொல்லி, வெளிர் மஞ்சளில் ஆளுயர எழுத்தாக வைத்துக்கொண்டார். "உங்களோடது எழவு வீடு மாதிரி இருக்கு அக்கா." "உங்களோடது கடைப் பலகை மாதிரி இருக்கு, ரோட்லேர்ந்தே படிக்கலாம்."

அடுத்த தப்பு வந்தே விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன மூட்டையில் தலையணை உறைகள் குறைவு. சூப்பர்வைசர் சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். மடிப்பு மேசையில் கைகள் நின்றன. அப்போதுதான் தன் ஷிப்டுக்கு வந்திருந்த மீசை நெளிந்தார்.

"யார் பேர்னு பாக்கறீங்களா?" என்று அக்காவிடம் கேட்டார் சூப்பர்வைசர்.

"பாத்துட்டேன் சார். என்னுதுதான்." அவள் எழுந்து நின்றாள். "கண்ணால வந்த தப்பு இல்ல. எண்ணாம எழுதிட்டேன். அடுத்த வண்டியில உறைய ஏத்திடறேன், ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

சூப்பர்வைசர் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். முதலாளி இன்று அவரைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மெல்லத் தெளிந்தது.

"பண்ணிட்டு வேலையப் பாருங்க," என்று சீட்டை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மடிப்பு மேசையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவள் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் யார் பேசுவது என்று கேட்டார்கள். தன் பேரைச் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். இன்னும் உரக்கச் சொன்னாள்.