நவமித் தாளில் நான் வைத்த சொல்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்த முதல் நாளே முதலாளி அண்ணாச்சி சொன்னார்: "ஏலே, வர்ற வருசத் தினக்காலண்டர்ல தாளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, கீழ தமிழ்ல அர்த்தம். நீதான் எழுதுற."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஃபிரேசல் வெர்ப் எல்லாம் நினைவில் இருந்தன. கெட் அப் என்றால் எழுந்திருத்தல். கிவ் அப் என்றால் கைவிடுதல். ஒரே வாரத்தில் வருடம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தேன். ஆடிப் பதினெட்டுக்கு, கடைக்காரர்களிடம் காட்டி ஆர்டர் பிடிக்கும் சாம்பிள் ஆல்பம் வந்தாக வேண்டும். சீசன் முடிந்ததும் வேலை நிரந்தரம் என்பது பேச்சு. நிரந்தரமானால் அம்மா வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறுவதை நிறுத்திவிடலாம்.

புரூஃபைப் பார்த்த அண்ணாச்சி சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"பிரேக் டவுன், பழுதாகி நிற்றலா? லாரி ஆபீஸ்காரரு ஆர்டர் குடுப்பாராலே? ரன் அவுட், தீர்ந்துபோதல். இத மளிகைக் கடைல மாட்டுவாகளா? இதென்ன, புளோ அப், வெடித்துச் சிதறுதல்! பட்டாசுக் கம்பெனிக்காரரு காலண்டரோட என்னையும் சேத்துக் கொளுத்திருவாரு!"

"இங்கிலீஷ்ல இதெல்லாம் அடிக்கடி வரும் அண்ணாச்சி."

"வரட்டும். எங் காலண்டர்ல வரக்கூடாது."

மிஞ்சிய ஆங்கிலத்தில் யாருக்கும் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. ஆனால் தாள்களை நிரப்பச் சொற்கள் போதவில்லை. அப்போதுதான் யோசனை வந்தது.

"அண்ணாச்சி, அஷ்டமி, நவமி, கரிநாள்ல யாரும் நல்ல காரியம் செய்யப் போறதில்ல. ஆகாத வார்த்தைய அங்கன வச்சிருவோமா?"

அண்ணாச்சி பேனாவை மூடினார். "படிச்சவம்லே நீ! புளோ அப் மட்டும் எங்கனயும் வேண்டாம்."

பொங்கல் முடிந்து வேலை ஆர்டர் வாங்கப் போனேன். கடிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி. பேனாவைத் திறந்த அண்ணாச்சி சுவரில் தொங்கிய எங்கள் காலண்டரைப் பார்த்தார். நவமி. கீழே நான் எழுதியது: புட் ஆஃப், தள்ளிப்போடுதல்.

"பாத்தியா, ஒன் இங்கிலீஷே சொல்லுது. நாளைக்குத் தசமி, வா."

தசமியன்று போனால், அண்ணாச்சி கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். தாளில் லுக் ஃபார்வர்ட் டு, ஆவலுடன் எதிர்பார்த்தல்.

கையெழுத்து விழ மேலும் எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் அம்மா வேன் ஏறினார். ஒருநாள் படியில் கால் வைத்தபடி கேட்டார்: "அந்தத் தாளுக்கு ஒரு நல்ல வார்த்தை கெடைக்கலயாலே ஒனக்கு?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆகாத நாள்தானே, எவன் பார்க்கப்போகிறான் என்று எதையும் எழுதி வைக்காதீர்கள். அன்றைக்கு அந்தத் தாளுக்கு முன்னால் நீங்களே நிற்க வேண்டியிருக்கும்.